பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையைக் கண்ணில் காட்டுங்கள்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினருக்கு,

வணக்கம். போன மே மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போயிருந்தேன். நினைவுக்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "மாமா, கட்டபொம்மன் இந்தக் கோட்டையிலதான் இருந்தாரா?" இல்லடா, இது அரசாங்கம் 1974ல் கட்டினது என்றேன். "அப்போ நிஜக் கோட்டை எங்கே?" பக்கத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டினேன். தரையோடு தரையாகச் செங்கல் அடித்தளங்கள், வெயில், காற்று. கொஞ்ச நேரம் நின்று பார்த்தவன், "இங்க ஒண்ணுமே இல்லையே" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒன்றுமே இருக்கக்கூடாது என்று முடிவெடுத்துச் செய்த வேலை அது. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப்போட்ட அதே இடத்தில் சில நாட்களுக்குள் கோட்டையை மறுபடி எழுப்பினார். மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூ அதைப் பிடித்தார். மறுபடி இடித்தார்கள். அதோடு விடாமல் இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊர்ப் பெயரையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

இப்படி இரண்டு தடவை இல்லாமல் ஆக்கிய கோட்டையைக் கணினியில் திரும்ப எழுப்பித் தாருங்கள். இந்த மடல் எழுதுவது அதைக் கேட்கத்தான்.

எந்த மாதிரிக் கோட்டை என்பதில்தான் எனக்குக் கவலை இருக்கிறது. கோட்டை என்றதும் நம் ஆட்கள் மனதில் வருவது கருங்கல் மதில், யானை நுழையும் வாசல், தூண் தூணாகக் கொலுமண்டபம். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. 1801 போரில் நேரில் இருந்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830ல் அச்சான தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருப்பது வேறு. ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம். முழுக்க மண். மதில் சுமார் 12 அடி உயரம். மதிலிலிருந்து முன்னே நீட்டிக் கட்டிய காவல் மேடைகளாகச் சிறு சிறு சதுரக் கொத்தளங்கள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. கணக்குப் போட்டால் மூன்றரை ஏக்கர்கூட வராது. மதில் இரண்டு ஆள் உயரம்தான்.

ஆனால் அந்த மண் சாதாரண மண் இல்லை. நன்றாக இறுகிப் பிடித்த கெட்டி மண் என்று வெல்ஷே எழுதுகிறார். 1801 மார்ச் 31ஆம் தேதி மேஜர் மெக்காலேயின் படை பீரங்கியால் மதிலில் உடைப்பு ஏற்படுத்தி, ஏறிவிடலாம் என்று நம்பி முன்னேறியது. முள்வேலியைத் தாண்டினார்கள். உடைப்பின் மேலேயும் போனார்கள். மேலே போனவர்கள் செத்து விழுந்தார்கள். ஏன் என்று அன்றைக்கு அவர்களுக்குப் புரியவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்த பிறகுதான் புரிந்தது. கொத்தளங்கள் உள்ளே குடைவாக இருந்தன. உடைப்பின் உச்சிக்கு வருகிறவனுக்குக் காலூன்ற இடம் கிடையாது. கீழே, குண்டு படாத மறைவில், நீளமான ஈட்டிகளோடு வீரர்கள் நின்றிருந்தார்கள்.

இதை நான் பத்து வரியில் எழுதினாலும் வாசிப்பவருக்குப் பாதிதான் பிடிபடும். அந்தக் குடைவுக்குள் ஒரு சிறுவனை நிற்க வைத்து, தலைக்கு மேலே உடைந்த மதிலையும் அதில் தெரியும் வானத்தையும் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கட்டபொம்மனின் வீரத்தைப் பேசும் நாம் அந்தக் கொத்தளத்தை வடிவமைத்த மூளையைப் பற்றிப் பேசுவதே இல்லை. மண் பிசைந்தவர்கள், முள் வெட்டிச் சுமந்தவர்கள், ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை. நம் போர் மரபு என்று நான் நினைப்பது வாளையும் மீசையையும் மட்டும் அல்ல. இந்தக் கட்டுமான அறிவும் அதில் சேர்த்திதான்.

அந்த இடத்திலேயே மறுபடி கட்டிவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தயவுசெய்து வேண்டாம். புதிதாக அஸ்திவாரம் தோண்டினால் மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தடயமும் போய்விடும். கணினியில் கட்டுவதற்கு ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். நாளைக்குப் புது ஆதாரம் கிடைத்தால் திருத்தியும் கொள்ளலாம்.

ட்ரோனில் நிலத்தைப் படமெடுத்து முப்பரிமாண வரைபடம் செய்யுங்கள். தரைக்குள் ஊடுருவும் ரேடார் வைத்து மதில் ஓடிய தடத்தைத் தேடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கும் கம்பெனிக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். வெல்ஷ் எதிரி முகாமிலிருந்து எழுதியவர் என்பதையும் மறக்க வேண்டாம். கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களின் பக்கத்தைக் கதைப்பாடல்களிலும் ஊர்க்காரர்கள் வாயிலும்தான் தேட வேண்டும். ஜக்கம்மா கோயில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டாலே பல சங்கதிகள் வரும். முள்வேலி என்றால் உடைமுள்ளா, கள்ளியா? இதற்குப் பதில் சொல்ல அந்த மண்ணில் ஆடு மேய்ப்பவர் போதும்.

அப்புறம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்கிறேன். தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். இந்த மாதிரி வேலைக்கென்றே லண்டன் சாசனம் என்று ஒரு நெறிமுறை இருக்கிறது. எது ஆதாரம், எது ஊகம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்கிறது அது. சான்று உள்ள சுவர் ஒரு நிறம், ஊகித்த சுவர் இன்னொரு நிறம் என்று வைத்தால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். அரண்மனை எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் மங்கலாகவே விடுங்கள். பளபளவென்று ஒரு தர்பாரைக் கட்டிக் காட்டினால், அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறு ஆகிவிடும்.

1799 கோட்டையும் 1801 கோட்டையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஊமைத்துரை செய்த காரியத்தின் பெருமை அப்போதுதான் விளங்கும். எதிரில் வந்த படையிலும் நம்மூர் ஆட்களே நிறையப் பேர் இருந்தார்கள், எட்டயபுரத்துப் படை உட்பட. அதையும் மறைக்காமல் காட்டுங்கள். இதை எந்தச் சாதியின் வெற்றிச் சின்னமாகவும் ஆக்கிவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் சென்னையில் ஒரு அரங்கத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள். சாதாரண போனில் திறக்க வேண்டும். கோப்புகளை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள். முதல் காட்சியைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே, அந்த அடித்தளங்களின் பக்கத்தில், ஊர்க்காரர்களுக்குக் காட்டுங்கள். பார்த்துவிட்டு அவர்கள் 'இது இப்படி இல்லை' என்று சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் இப்போது ஏழாம் வகுப்பு. அவன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் இது வந்தால், அதே இடத்துக்கு மறுபடி கூட்டிக்கொண்டு போவேன்.

அன்புடன்,
கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த ஒருவன்