மருமகள் எதுவும் சொல்லவில்லை

அன்புள்ள மகனுக்கு,

ஹூஸ்டனில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தீபாவளிக்கு வரும் வழியில் நடந்ததைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. மருமகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் சண்டைக்குப் போகாதே.

தூக்கம் வருகிறதா? மூட்டுவலி? பெயர்கள் மறக்கின்றனவா? வயதாகிறது என்று மழுப்பாதே. எண்பதைத் தாண்டிய எனக்கே இல்லாத மறதி உனக்கு எதற்கு?

1991 வளைகுடாப் போரில், சவூதி பாலைவனத்தில் அமெரிக்கப் படையினரான உங்களுக்குக் கொடுத்த அட்டையில் 21 மாத்திரைகள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, 30 மில்லிகிராம் பைரிடோஸ்டிக்மின். சோமன் என்ற நரம்பு நச்சுவாயு நம் உடலின் ஒரு நொதியைப் பிடித்தால் விடாது. அதற்கு முன்பே இந்த மருந்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, கொஞ்சம் நொதியைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். சுமார் இரண்டரை லட்சம் பேர் விழுங்கினீர்கள். சம்மதம் கேட்காமலே கொடுக்க 1990 டிசம்பரிலேயே விதி போட்டுவிட்டார்கள்.

"தசைச்சோர்வு நோயாளிகள் இதையே கூடுதலாக, ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்களே, நீங்களே மருந்துக்கடையில் கொடுத்தீர்களே" என்று வாதாடுவாய். அவர்களுக்கு ஒரு குறை இருக்கிறது, மருந்து அதை ஈடுகட்டுகிறது. உனக்கு என்ன குறை இருந்தது? போதாததற்குக் கூடாரமெங்கும் பூச்சிமருந்து. அதில் சில அதே நொதியைத் தாக்குபவை. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வந்த வலி, மறதி போன்ற கோளாறுகளுக்கு 2008-இல் அமெரிக்க அரசின் ஆய்வுக்குழு இந்த இரண்டையும்தான் காரணமாகச் சொன்னது. ஆதாரம் போதாது என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் தீரும்வரை நீ காத்திருக்க வேண்டாம்.

சீருடையில் நீ நிற்கும் படத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டி அம்மாவிடம் திட்டு வாங்குகிறேன். ஸ்கட் ஏவுகணைக்குப் பயப்படாதவன் டாக்டருக்குப் பயப்படுவானா?

முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வளைகுடாப் போர் பதிவேட்டுப் பரிசோதனை இலவசம். போ. யார் எத்தனை மாத்திரை விழுங்கினார்கள் என்று படையில் சரியான கணக்கு கிடையாது. எத்தனை நாள் சாப்பிட்டாய், வயிறு எப்படி இருந்தது, எந்த முகாம் என்று நீயே எழுதிக்கொண்டு போ. உடன் இருந்தவர்களையும் கேள். தூங்கு. போ என்று சொன்னேன் அல்லவா, போ.

மருமகளும் உன்னுடன் வரட்டும். காரை அவள் ஓட்டட்டும்.

அன்புடன்,
அப்பா