கதவைத் திறந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய சட்டத்தரணி ரொபேர்ட் டிபோ அவர்களுக்கும், ஹொங்கொங்கில் எட்வேர்ட் ஸ்னோடனுக்கு அடைக்கலம் கொடுத்த அகதிகளுக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாங்கொக் வழியாக ரொறன்ரோ வந்து சேர்ந்தவன். பாங்கொக்கில் எட்டு மாதம் ஒரே அறைக்குள் ஒன்பது பேர் கிடந்தோம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். அந்தப் பயத்தோடு வாழ்ந்துகொண்டே இன்னொருவருக்குக் கதவைத் திறக்கலாம் என்பதை உங்களிடம்தான் அறிந்தேன்.

2013 ஜூன். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் சொந்த மக்களின் தொலைபேசிப் பதிவுகளையே மொத்தமாக அள்ளுகிறது என்று வெளிப்படுத்திய ஸ்னோடன், தன் பெயரையும் முகத்தையும் உலகத்துக்குச் சொன்ன மறுநாள் ஹோட்டலை விட்டு இறங்குகிறார். எங்கே போவது? டிபோ ஐயா, நீங்கள் வசதியானவர்களின் வீடுகளைத் தேடவில்லை. உங்கள் கட்சிக்காரரான இலங்கை, பிலிப்பைன்ஸ் அகதிகளிடம் அவரைக் கூட்டிப் போனீர்கள். வேலை செய்ய அனுமதியில்லாமல், உதவிப் பொருளில் நாளைத் தள்ளிய சனம் அவர்கள். அவ்வளவு பெரிய ஆளை அங்கே எவரும் தேடப்போவதில்லை என்று கணித்தீர்கள். ஏறக்குறைய இரண்டு கிழமை அந்தக் கணக்குப் பிழைக்கவில்லை.

தங்கச்சி, பிலிப்பைன்ஸில் இருந்து வந்த நீங்கள் அவருக்கு ஆங்கிலப் பத்திரிகை வாங்கப் போனீர்கள். முன்பக்கத்தில் உங்கள் விருந்தாளியின் படம்! அப்போதும் நீங்கள் வாய் திறக்கவில்லை. இலங்கைக் குடும்பம் சின்ன வீட்டில் அவருக்கு இடம் ஒதுக்கியது. போகும்போது அவர் தலையணைக்குக் கீழே 200 டொலர் வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துப் பார்த்த கைகளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜூன் 23 அவர் மொஸ்கோவுக்குப் பறந்தார். 2020இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமே அந்தப் பதிவுச் சேகரிப்பு சட்டவிரோதம் என்றது. ஆனால் அவர்மீது உள்ள உளவுச் சட்ட வழக்கில், பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாடச் சட்டம் இடம் கொடுக்காது. ஐயா, நீங்களும் தப்பவில்லை. 2017 மே மாதம் இந்த அகதிகளின் மனுக்களை ஹொங்கொங் நிராகரித்தது. அந்த வருடமே நீங்களும் அந்த ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்போதும் வழக்கைக் கைவிடாத உங்களுக்கும், தோள் கொடுத்த மொன்றியல் சட்டத்தரணிகளுக்கும் நன்றி. பிலிப்பைன்ஸ் தங்கச்சியும் அவர் மகளும் 2019இல் கனடா வந்தார்கள். இலங்கைக் குடும்பம் 2021இல் வந்தது.

கடைசியாக, ஸ்னோடனுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களில் ஒருவராய் இருந்தும், அவர்களோடு வராமல் அன்று ஹொங்கொங்கில் தனித்து நின்ற சகோதரருக்கு. நீங்கள் இலங்கை இராணுவத்தில் இருந்தவர் என்று வாசித்ததும் என் மனம் இறுகியது உண்மை. மறைக்க மாட்டேன். அந்தச் சீருடையைக் கண்டு ஓடியவன் நான். நீங்களும் அதிலிருந்துதான் ஓடி வந்தீர்கள் என்று அடுத்த வரியில் இருந்தது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே உங்களுக்காகத்தான். ரொறன்ரோவுக்கு எப்போதாவது வந்தால் எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, சகோதரரே. எந்த நேரமும் தட்டலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஒரு முன்னாள் அகதி