பட்டறைக்கும் வந்த ஞானம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடவுள் தந்த ஞானம் பற்றிய உங்கள் ஆன்மிகப் பக்கக் கட்டுரை பைபிளில் வரும் சாலொமோன் ராஜாவோடு நின்றுவிட்டது. சரி, கிபியோன் என்ற ஊரில் கனவில் கேட்டு வாங்கியவர் அவர்தான். ஆனால் யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், கேட்காமலே பெற்ற பெசலெயேல் என்ற கைவினைஞர் இருக்கிறார். இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்காகப் பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், ரத்தினம் பதிக்கவும், மரம் செதுக்கவும் தேவன் அவரைத் தம் ஆவியால் நிரப்பினார். 35-ஆம் அதிகாரத்தில் வெள்ளாட்டு மயிரைத் திரித்த பெண்களுக்கும் அதே ஞானம்தான். பிரசங்கங்களில் இவர்கள் பேச்சே எழுவதில்லை! அந்தச் சாலொமோனே ஆலயத்துக்கு வெண்கலத் தூண்கள் வார்க்க, தீரு நகரிலிருந்து ஈராம் என்ற கன்னாரை (வெண்கல வேலை செய்பவரை) வரவழைக்க வேண்டியிருந்தது. அவரையும் ஞானம் நிறைந்தவர் என்றே 1 இராஜாக்கள் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த கட்டுரையில் இவர்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர்