ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர் சங்கம், நகரக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. வாழ்நாள் சான்று முகாம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மறைந்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி, வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் ஊசித் தேதிகளை நாம் வார்டுவாரியாக எழுதிவரும் தட்டம்மைப் பதிவேடு. அரசு செய்கிற வேலையை ஓய்வு பெற்றவர்கள் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று குழுவில் கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) இரண்டையும் தடுக்க, ஒன்பது மாதம் முடிந்து போடும் எம்.ஆர். ஊசி 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பலன் தரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி சில குழந்தைகளிடம் அப்போதும் மிச்சமிருப்பது ஒரு காரணம். ஆகவே 95 பேருக்கு ஊசி போட்டு முடித்தாலும் காப்பு கிடைப்பது 81 பேருக்குத்தான். மீதியை ஈடுகட்டவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. அது விடுபட்டால் காப்பில்லாத குழந்தைகள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போவார்கள். ஒருநாள் அம்மை மொத்தமாகப் பிடிக்கும். 2022 இறுதியில் மும்பை கோவண்டியில் நாம் பார்த்தது அதைத்தான்.

இரண்டாம் தவணை எங்கே நழுவுகிறது என்பதை வீடு வீடாகப் போனால்தான் காண முடியும். பிரசவம் தாய்வீட்டில், முதல் தவணையும் அங்கேயே. குழந்தை புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு, அந்த ஊர் செவிலியர் இந்த ஊரில் போடுவார்கள் என்றும், இந்த ஊர் செவிலியர் அங்கேயே முடிந்திருக்கும் என்றும் இருந்துவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் எம்.எம்.ஆர். (எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்ந்த ஊசி) போட்ட குழந்தையின் அட்டை அங்கேயே தங்கிவிடுகிறது. கர்ப்பிணி, குழந்தை விவரங்களை அரசு பதியும் பிக்மி எண்ணில் அந்த ஊசி ஏறுவதில்லை. செங்கல் சூளைக் குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

“எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று தாய் சொன்னால் அட்டையைக் கேளுங்கள். அட்டை இல்லையென்றால், ஒன்றரை வயதில் தொடையில் மட்டும் போட்டார்களா, வலது கையிலும் போட்டார்களா என்று கேளுங்கள். தொடையில் போடுவது தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான முத்தடுப்பு ஊக்க ஊசி. எம்.ஆர். வலது மேற்கையில், தோலுக்கு அடியில், 0.5 மி.லி. காய்ச்சல் வந்த தொடை ஊசிதான் பெரும்பாலும் நினைவில் நிற்கிறது. விடுபட்டிருந்தால் ஐந்து வயது வரை போடலாம்.

இன்னொரு இடறல் குப்பி. பத்து டோஸ் குப்பியைக் கரைத்தால் நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறக்கலாம் என்பதே விதி. ஆனாலும் மீதி டோஸ் வீணாகுமே என்று செவிலியரின் கை தயங்குகிறது, “அடுத்த ஊசி நாள் புதன், அப்போ வாங்க” என்ற பதில் வருகிறது, அந்தத் தாய் வருவதில்லை. நிலுவையில் உள்ள ஐந்தாறு பேரை ஒரே புதன்கிழமை கூட்டிப் போனால் இந்தத் தயக்கம் எழாது. அதற்காகத்தான் 16 மாதம் நிறையும் தேதியைச் சிவப்பு மையில் முன்கூட்டியே எழுதி வைக்கிறோம்.

நோய்க் கணக்கும் இப்படித்தான். ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு பேராவது காய்ச்சலும் தடிப்புமாக வந்து, பரிசோதனையில் தட்டம்மையும் இல்லை, ரூபெல்லாவும் இல்லை என்று தெரிய வேண்டும். அப்போதுதான் கண்காணிப்பு நடக்கிறது என்று பொருள். வெறும் பூஜ்யம் எழுதிய அறிக்கை, யாரும் தேடவில்லை என்பதைத்தான் சொல்கிறது. நம் ஊரில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் செய்தி வெளியே வராது. அந்த நம்பிக்கையோடு வாதாடாதீர்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு தெரிந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. தடிப்பு தோன்றி 28 நாள் வரை ரத்தம் எடுக்கலாம். முதல் மூன்று நாளில் எடுத்தால், புதிய தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.எம். சிலருக்குத் தெரியாமல் போகும். சில வாரங்களுக்கு முன் ஊசி போட்டிருந்தாலோ ஊசியாலேயே ஐ.ஜி.எம். தெரியும். ஆகவே தடிப்பு தோன்றிய தேதியும் கடைசி ஊசித் தேதியும் இல்லாமல் மாதிரியை சென்னை கிண்டி கிங் நிலைய ஆய்வகத்துக்கு அனுப்புவதில் பயனில்லை. நீர்கோத்த கொப்புளம் என்றால் அது சின்னம்மை. தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்கிறார்களா என்று பார்ப்பதும் நம் வேலை.

இத்தனையும் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் 43 பேர். சனிக்கிழமை வீட்டுப் பார்வைக்கு வந்தவர்கள் ஐந்து பேர், சில வாரம் மூன்று. முட்டிவலி உள்ளவர்களைக் குறை சொல்லவில்லை. தொலைபேசியில் தேதி நினைவூட்டவும் ஆள் வேண்டும். சந்தா 300 ரூபாய். இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்கள் பதினாறு பேர். பெயர்களைப் படிக்கப் போவதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருந்தன. பதிவேடு அச்சிட்ட வகையில் சிறு நிலுவை உண்டு. விவரத்தைப் பொருளாளர் அளிப்பார். இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒத்துழைத்த செவிலியர்களுக்கும், பந்தி பரிமாறிய இளைஞர்களுக்கும் நன்றி.

தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026க்குள் ஒழிப்பது நாட்டின் இலக்கு. அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் மூன்று வார்டுப் பதிவேடுகளுக்கு இன்னும் ஆள் இல்லை. வரும் புதன் காலை ஒன்பது மணிக்கு அவை நகர்ப்புற சுகாதார நிலையத்தின் ஊசி மேசை அருகே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்