உப்புவெளிக்கு ஒரு பஸ், ஊருக்கு ஒரு புத்தகம்

அன்புள்ள உறவுகளுக்கு,

சித்திரை விடுமுறையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் நாற்பது பேரைத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளிக்குக் கூட்டிப் போகிறோம். அங்குள்ள இரண்டாம் உலகப் போர் மயானத்தைப் பார்ப்பதும் ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேட்பதும்தான் வேலை. அதற்குக் காசு வேண்டும்.

"வெள்ளைக்காரன்ர மயானத்தைப் பார்க்க இவ்வளவு தூரமோ?" என்று எங்கள் குழுக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. போர் நினைவிடம் என்றதும் நம்மவர்களுக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரும், வராமல் இருக்காது. அந்த நினைவுகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று யாரையும் நாங்கள் கேட்கவில்லை.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஓடினார்கள், நகரத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்குப் போயின. உங்கள் வீட்டிலும் அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு கதை இருக்கக்கூடும். காலிமுகத்திடலில் நின்ற முதலாம் உலகப் போர் நினைவுத்தூணை, எதிரிக் கப்பலுக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து, இந்த இரண்டாம் போர்க்காலத்தில்தான் இன்றைய விகாரமகாதேவி பூங்காவுக்கு மாற்றினார்கள்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 வியாழன், திருகோணமலையின் முறை. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் அடிபட்டன. அங்கே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் ஒன்றில் ஜப்பானிய விமானம் விழுந்து, ஒரு கிழமைக்கு நெருப்பு அணையவில்லை என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். தாக்குதல் வரும் என்று முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கும் தப்ப வழியிருக்கவில்லை. தன்னைக் காக்க ஒரு விமானம்கூட அதில் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால், 307 பேரோடு மூழ்கியது. தத்தளித்தவர்களில் பெரும்பாலானோரை வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

உப்புவெளி மயானம் நிலாவெளி வீதியோரம் இருக்கிறது. பொதுநலவாயப் போர்க்கல்லறைகள் ஆணைக்குழு அதை நன்றாகவே பராமரிக்கிறது, ஆகவே நாங்கள் கேட்கும் காசில் ஒரு சதம்கூட அங்கே போகாது. போன வருடம் குழுவில் சிலர் எங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம். முதலில் செல்பி எடுத்துக்கொண்டு நின்றவர்கள், கல்லில் இருந்த வயதுகளை வாசிக்கத் தொடங்கியதும் மெல்ல அமைதியானார்கள். பத்தொன்பது. இருபத்தொன்று. ஒரு சின்னவள் கேட்டாள்: "இவையின்ர அம்மாமார் இஞ்ச வந்து பாத்திருப்பினமோ?" எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் இன்னொரு கேள்வி எழுந்தது. அந்த ஏப்ரல் 9இல் துறைமுகத்தில் கூலி வேலை செய்து செத்த நம்மவர்களுக்குக் கல் எங்கே? தேடிப் பார்த்தால், கல் இல்லை, பெயர்ப்பட்டியலும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. இருப்பதெல்லாம் சில முதியவர்களின் ஞாபகம் மட்டும். அன்று ஏழு, எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அவசரம் இதுதான்.

அதனால் பயணத்தோடு ஒரு சிறு புத்தகமும் போடுகிறோம், தமிழில். உப்பளம், மீன்பிடி, கன்னியா வெந்நீரூற்று, 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில், அந்த 1942, பிறகு வந்த எங்கள் யுத்தம், 2004 சுனாமி எல்லாம் அதில் வரும். பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகளே பதிவு செய்து எழுதுவார்கள். எழுத்துப்பிழை திருத்துவதோடு எங்கள் வேலை முடியும்.

செலவு இப்படி: கொழும்பிலிருந்து போய்வர ஏறத்தாழ 530 கிலோமீற்றர், பஸ்ஸுக்கு 160,000 ரூபா. இரண்டு இரவு தங்கவும் சாப்பிடவும் 180,000. ஐந்நூறு பிரதி அச்சடிக்க 150,000. மொத்தம் 490,000. குழு உறுப்பினர்கள் 110,000 போட்டுவிட்டோம், மிச்சம் 380,000 வேண்டும்.

ஒரு பிள்ளையின் பயணச் செலவு 8,500 ரூபா. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் பதினைந்து பேர் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பொறுப்பெடுத்தால் பெரிய உதவி. ஐந்நூறு ரூபா தந்தாலும் வாங்குவோம், பற்றுச்சீட்டும் தருவோம். கேட்டு வாங்குங்கள். பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். மிஞ்சினால் அது இன்னும் நூறு பிரதி அச்சடிக்கப் போகும், அவை உப்புவெளிப் பாடசாலைகளுக்கு.

காசு இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத் திருகோணமலைப் புகைப்படம், கடிதம், பங்கீட்டு அட்டை எது கிடைத்தாலும் பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். திருகோணமலையில் பிறந்து இப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருக்கும் பாட்டி, தாத்தா யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரெக்கோடரோடு இரண்டு பிள்ளைகள் வருவார்கள். தேத்தண்ணி மட்டும் போதும்.

நன்றியுடன்,
பயணக் குழுவினர்