கருப்பர் கோயில் அரிவாளும் கோர்ட்டில் வைத்த அரிவாளும்

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் கதையும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் பகலில் வீடு அமைதியாக இருக்கிறது, படிக்க வசதி. முழங்கால் வலி பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. டாக்டரைப் பார்த்தாயா?

இனி கதைக்கு வருகிறேன். மாயாண்டி கருப்பர் கோயில் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போய், அப்பனைக் கொன்றவனை ஒரே வெட்டில் சாய்க்கிறான். கண்மாயில் கழுவிப் புதைக்கிறான். போலீஸ் பிடிக்கிறது. கோர்ட்டில் அவன் வாக்குமூலத்தை வாசிக்கிறார்கள், தண்டனை விழுகிறது, ஊர் "சாமி தீர்ப்பு" என்கிறது. நடை நன்றாக ஓடுகிறது, அதில் குறையில்லை. என் மனத்தாங்கல் வேறு. வெட்டுக்கு மூன்று பக்கம் கொடுத்த நீ, அந்த அரிவாள் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு பத்திகூடக் கொடுக்கவில்லை. அரிவாளை எந்தப் பயலும் வீசலாம். அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன சொல்கிறது என்று ஒருவன் கேட்கும்போதுதான் கதைக்குள் நியாயம் என்ற பேச்சே எழுகிறது. கத்தி வருகிற நல்ல கதைகள் எல்லாவற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் கோயில் அரிவாள். நேர்த்திக்கடனுக்கு நட்டது வேலைக்கு அடித்ததல்ல. ஆளுயரம் இருக்கும், சில அதற்கும் மேலே. ஒற்றைக் கையால் ஓங்க முடியாது. மழையிலும் வெயிலிலும் நின்று வாய் துருவேறியிருக்கும், எண்ணெயும் சந்தனமும் காய்ந்து அப்பியிருக்கும். வேலைக்கான அரிவாள் பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்தது. தோய்ச்சல் மிஞ்சினால் வாய் பொரிந்து பல் விழும், குறைந்தால் மடங்கும். வீச்சரிவாளின் கனம் மூக்குப் பக்கம் நிற்கும். அதனால்தான் கை சும்மா விட்டாலே அது இறங்குகிறது. நீ இரண்டாம் பக்கத்தில் மாயாண்டி "அரிவாளால் குத்தினான்" என்று எழுதியிருக்கிறாய். வளைந்த மூக்கை வைத்துக்கொண்டு எப்படிக் குத்துவது? குத்த வேண்டுமென்றால் சூரிக்கத்தி கொடு. அரிவாள் வெட்டும், கொத்தும், அவ்வளவுதான்.

அந்த ஒரே வெட்டு சமாச்சாரமும் இடிக்கிறது. எதிரே நிற்பவன் மேல் அரிவாள் வந்தால் அவன் கை தானாக மேலே போகும். முன்கையின் வெளிப்புறத்திலோ உள்ளங்கையிலோ காயம் இருப்பது வழக்கம். பிரேதப் பரிசோதனையில் அதையும் தேடுவார்கள். கையில் ஒரு கீறலும் இல்லையென்றால் பின்னாலிருந்து வெட்டினானோ, தூங்கும்போது வெட்டினானோ என்ற சந்தேகம் எழும். உன் மாயாண்டி "நேருக்கு நேர் நின்றேன்" என்று பெருமை பேசுகிறான். பிணம் அவனைப் பொய்யன் ஆக்கிவிடக்கூடும். தெரிந்தே அப்படி வைத்திருந்தால் பிரமாதம், தெரியாமல் என்றால் திருத்து.

காயத்தைப் படிக்கிற வித்தையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பயன்படும். வெட்டுக்காயத்தில் ஆழத்தைவிட நீளம் அதிகம், குத்துக்காயத்தில் நீளத்தைவிட ஆழம் அதிகம். வெட்டு தொடங்கிய இடத்தில் ஆழமாகவும் முடிகிற இடத்தில் வால் மாதிரி மெலிந்தும் போகும். வீச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அந்த வாலை வைத்துச் சொல்லலாம். ஒருபக்கக் கூருள்ள கத்தியால் குத்தினால் காயத்தின் ஒரு முனை கூராகவும் மறு முனை மழுங்கலாகவும் நிற்பது வழக்கம். ஆனால் வாய் விரிந்திருக்கும் அகலத்தை வைத்துக் கத்தியின் அகலத்தைச் சொல்லிவிட முடியாது. தோலுக்கு இடத்துக்கு இடம் ஓர் இழுவிசை உண்டு. லாங்கர் என்ற ஆஸ்திரிய உடற்கூற்றியலாளர் 1861-லேயே அதைக் கோடு கோடாக வரைந்து காட்டியிருக்கிறார். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வெட்டினால் வாய் பிளந்துகொள்ளும், கோட்டோடு போனால் கீறல் போலத் தெரியும். வயிற்றில் அமுக்கிக் குத்தினால் கத்தியின் நீளத்தைவிடக் காயம் ஆழமாகவே இருக்கலாம். துப்பறியும் கதைக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்: "காயம் ஆறு அங்குலம், ஆகவே கத்தி ஆறு அங்குலம்!"

கழுவுவது பற்றி. கண்மாய்த் தண்ணீர் அலகைக் கழுவும். பூணுக்கும் பிடிக்கும் நடுவில் இறங்கியதைக் கழுவாது. ஆய்வகத்தில் பிடியைக் கழற்றிப் பார்ப்பது அதற்குத்தான். ஆனால் ஈர மண்ணில் பத்து நாள் கிடந்ததில் ரத்தம் சிதைந்திருந்தால் "ரத்தம் உண்டு, வகை சொல்ல இயலவில்லை" என்றுதான் அறிக்கை வரும். அந்த அரைகுறை அறிக்கையை வைத்தே நாலு பக்கம் எழுதலாம்!

இப்போது கோர்ட். சண்முகம், இங்கேதான் பெரிய ஓட்டை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அப்படியே வாசித்துத் தண்டிக்க முடியாது. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தடுத்தது. 27-ஆவது பிரிவு ஒரு சின்னச் சந்து மட்டும் திறந்து வைத்திருந்தது: அவன் சொன்னதால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராக வழிவிட்ட சொற்கள் மட்டும் உள்ளே வரலாம். 1947-ல் பதிவான புலுக்குரி கோட்டையா வழக்கில், அன்றைக்கு மேல்முறையீட்டில் கடைசிக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதற்குக் கத்தியையே உதாரணமாக எடுத்தது. "என் வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவன் சொன்னால் கண்டுபிடிக்கப்படுவது கத்தி அல்ல. கத்தி என்ற பொருள் என்றைக்கோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதே! கூரையில் அது இருப்பது இவனுக்குத் தெரியும் என்ற விஷயம்தான் கண்டுபிடிப்பு. "அதால்தான் இன்னாரைக் குத்தினேன்" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பகுதி மட்டும் வெளியே போகும். இதைவிட நல்ல சிறுகதை விஷயம் எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதனின் வாக்கியத்தை நடுவில் வெட்டி, முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை எறிந்துவிடுகிறார்கள்.

உன் கதை 1978-ல் நடக்கிறது, எனவே 25, 27 என்றே போடு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடப்பதாக எழுதினால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆவது பிரிவு. இன்னொன்று, ஆயுதத்தைக் கைப்பற்றும்போது எழுதும் மகசரில் வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடுவதாக எழுதியிருக்கிறாய். 1978-ல் ஏது வி.ஏ.ஓ.? பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-ல்தான் ஒழித்தார்கள். ஆகவே கிராம முன்சீப்பும் தலையாரியும் சாட்சி. குற்றவாளி முன்னே நடப்பான், இன்ஸ்பெக்டரும் சாட்சிகளும் பின்னே போவார்கள். அவன் தோண்டி எடுத்துக் கொடுப்பான். அங்கேயே உட்கார்ந்து மகசர் எழுதி, கையெழுத்து வாங்கி, பொதிந்து அரக்கு வைப்பார்கள். பிறகு, பொருளை அனுப்புகிற ஃபாரம் 95-இல் கோர்ட்டுக்கு, அங்கிருந்து ஆய்வகத்துக்கு. எந்த இடத்தில் அரக்கு உடைந்தது, எந்த இடத்தில் தேதி உதைக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் தேடுவது இந்த வழியில்தான். விசாரணையில் அது வெறும் எம்.ஓ. 1, அதாவது முதல் சான்றுப் பொருள். பொட்டலத்தைப் பிரித்து மருத்துவரிடம் காட்டி, "இந்தக் காயங்கள் இந்த ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக்கூடுமா?" என்று கேட்பார்கள். "கூடும்" என்பார். குறுக்கு விசாரணையில், "இதே மாதிரியான வேறொரு அரிவாளாலும் ஏற்பட்டிருக்கக்கூடுமா?" அதற்கும் "கூடும்"தான்.

அந்த இரண்டாவது "கூடும்" மேல் ஒரு முழுப் படத்தையே கட்டியிருக்கிறார்கள், நீயும் பார்த்ததுதான்: 1957-ல் சிட்னி லூமெட் எடுத்த '12 ஆங்ரி மென்', தீர்ப்புச் சொல்ல ஓர் அறையில் உட்காரும் பன்னிரண்டு ஜூரர்களின் கதை. அப்பனைக் குத்தியதாகப் பையன் மேல் வழக்கு. பட்டன் கத்தி, வேறெங்கும் கிடைக்காத வேலைப்பாடு என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்கிறது. எட்டாம் நம்பர் ஜூரர் அதே மாதிரி இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். பையன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அடகுக் கடையில் ஆறு டாலருக்கு வாங்கியது. சட்டப்படி அதை வாங்குவதே குற்றம்! எனக்கு அதைவிடப் பிடித்தது பிற்பாதி. பையன் ஐந்தடி ஏழு அங்குலம், அப்பன் ஆறடி இரண்டு. காயமோ மேலிருந்து கீழே இறங்குகிறது. சேரியில் வளர்ந்த ஐந்தாம் நம்பர் ஜூரர் கத்தியைக் கையில் வாங்கிக் காட்டுகிறார். பட்டன் கத்தி பழகினவன் பட்டனை அமுக்கிய பிடியிலேயே கீழிருந்து மேலே குத்துவான். ஓங்கிக் குத்தப் பிடியை மாற்ற வேண்டும், அதற்கு நேரம் ஆகும். மற்றவர்களிடம் அவர் மறைக்கப் பார்த்த பழைய வாழ்க்கை அந்த அறையிலேயே பெரிய சட்ட அறிவாகிவிடுகிறது. கத்தி அதே கத்திதான். பிடிக்கத் தெரிந்தவன் கைக்கு வந்ததும் பேசுகிறது.

நம்மிடம் இதற்கு நேர் எதிரான காட்சி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மறுபடி எடுத்துப் பார். கோவலனைப் பார்த்த காவலர்களே முதலில் "இவன் கொல்லப்படத்தக்கவன் அல்லன்" என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு களவு நூல் பாடம் நடத்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு. பிறகு ஓர் இளம் காவலன் ஒரு சம்பவம் சொல்கிறான். மழைக்கால நடுநிசியில் உளியோடு ஒரு கள்வன் வந்தான், நான் வாளை உருவினேன், அவன் என் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான் என்கிறான். கவனி, இவர்கள் எவரும் சிலம்பைச் சோதிக்கவில்லை. வாள் பறிபோகும் என்ற பயம்தான் அங்கே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தப் பயத்தின் நடுவே "கல்லாக் களிமகன்" ஒருவன் வீசிவிடுகிறான். பேர்கூட இல்லாத ஒரு குடிகாரன். ரத்தம் பெருகுவதும் செங்கோல் வளைவதும் அடுத்தடுத்த வரிகளில் வந்துவிடுகின்றன. இளங்கோ வெட்டுக்குக் கொடுத்தது ஓர் அடியும் கொஞ்சமும்தான். விசாரணையை அடுத்து கண்ணகி வந்து செய்கிறாள். முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். வாளை வைத்திருந்தவர்கள் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு சதை கேட்கும் ஷைலாக் கோர்ட்டிலேயே செருப்படியில் கத்தி தீட்டுகிறான், தராசும் தயார். வக்கீல் வேடத்தில் வரும் போர்ஷியா கத்தியைத் தடுப்பதில்லை. "வெட்டிக்கொள், ரத்தம் சிந்தக்கூடாது, எடையில் கூடவும் குறையவும் கூடாது" என்கிறாள். கடைசிவரை அந்தக் கத்தி யார் மேலும் படவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன், அது தனிச் சண்டை. 1925-ல் வெளிவந்த காஃப்காவின் 'விசாரணை'யில் இருபுறமும் கூரான கசாப்புக் கத்தியை இரண்டு பேர் நாயகன் கே.யின் தலைக்கு மேலே "நீங்கள் வையுங்கள், நீங்கள் வையுங்கள்" என்கிற மரியாதையோடு கை மாற்றிக்கொள்கிறார்கள். அவனே வாங்கிக் குத்திக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு, அவனுக்கும் அது தெரியும். குற்றம் என்ன என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. அகதா கிறிஸ்டியின் 1934 நாவல் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்'ஸில், ரயில் பெட்டிக்குள் கிடக்கும் பிணத்தில் பன்னிரண்டு குத்து. சில ஆழம், சில வெறும் கீறல், ஒன்று இடதுகைக் குத்து போல, சில செத்த பிறகு விழுந்தவை போல. ஒரே ஆள் குத்தினால் இப்படி ஒன்றுக்கொன்று முரண்படாது என்பதுதான் துப்பு. ஜூரியின் எண்ணிக்கையைப் பிணத்தின் மேலேயே எழுதிவைத்திருக்கிறாள் அந்தக் கிழவி!

உன் கதைக்கு என் யோசனை இது. மாயாண்டி கையில் வீட்டு விறகு அரிவாளைக் கொடு. திருப்பாச்சேத்தியில் அவன் அப்பன் வாங்கியதாக இருக்கட்டும். கருப்பர் அரிவாளைப் பிடுங்க வேண்டாம், அது நட்ட இடத்திலேயே நிற்கட்டும். அழகர்கோயில் பதினெட்டாம்படியில் இன்றைக்கும் வழக்காளிகள் சத்தியம் செய்கிறார்கள். பெரும்பாலான நாள் கதவு சாத்தியே இருக்கும், ஆனாலும் பொய் சொல்ல நாக்குக் கூசும். கோர்ட்டில் இரண்டு "கூடும்"களுக்கு நடுவே மாயாண்டி விடுதலையாகட்டும். ஊருக்கு வந்ததும் செத்தவன் பெண்டாட்டி அவனைக் கருப்பர் முன்னால் சத்தியம் செய்யக் கூப்பிடட்டும். கோர்ட் எறிந்த பின்பாதி வாக்கியத்தை அவன் அங்கே சொல்லியாக வேண்டும், அல்லது சொல்லாமல் திரும்ப வேண்டும். எது என்று நீ முடிவு செய். நானாக இருந்தால் சத்தியத்துக்கு முந்தின ராத்திரியிலேயே கதையை நிறுத்திவிடுவேன்.

பழைய மகசர் ஒன்றின் நடையில் மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "மேற்படி நபர்", "அடியிற்கண்ட சாட்சிகள் முன்னிலையில்" என்றெல்லாம் வரும். அந்த வாசகத்தை அப்படியே ஒரு பக்கம் கதைக்குள் விடு, அலங்காரம் வேண்டாம். ஆயுதத்தின் நீளம், பிடியின் நீளம், அலகின் அகலம் மூன்றையும் குறித்தே ஆக வேண்டும். திருத்திய பிரதியை ஒரு பக்கம் மட்டும் எழுதி, ஓரம் விட்டு அனுப்பு. தை பிறப்பதற்குள் வந்தால் பொங்கல் விடுமுறையில் படித்துவிடுவேன்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜாமணி