29-ஐ விட 41 பெரிது, விஜி

அன்புள்ள விஜி,

இதை வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ரோஸி சொன்னாள். பிசியோதெரபிக்கு டிமிக்கி கொடுக்க விடாதே. இங்கே ரகு நலம். பெரியவன் நலம் என்று அவனே சொல்லிக்கொள்கிறான், நம்பித்தான் ஆக வேண்டும். நான் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மீனு ஐஸ் ஹாக்கியில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நிற்கிறாள் என்று போன வருஷமே சொன்னேன், நீ சிரித்தாய். "உன் பொண்ணா, குளிர்காலத்தில் பல் தேய்க்கவே அழுவாளே" என்றாய். அதே பெண் இப்போது விடிவதற்கு முன்பே எழுந்து, தன்னைவிடப் பெரிய பையை இழுத்துக்கொண்டு காரில் ஏறுகிறாள். மினியாபொலிஸில் ஜனவரி மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பையின் நாற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள்தான், ஆனால் பெற்றோர்கள் ஏதோ ஒலிம்பிக் நடப்பதுபோல ஆகிவிட்டார்கள். நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதே. கண்ணாடித் தடுப்பைத் தட்டித் தட்டி எனக்கு உள்ளங்கை காய்த்துவிட்டது.

எங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது ஒரே ஒரு அணி. பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்தப் பெண்களில் ஒருத்தி பக்கோடு (அடிக்கிற அந்த ரப்பர் வட்டு) வந்தால் மீனுவுக்கு முகமே மாறிவிடும். அவர்களோடு ஆடிய இரண்டு ஆட்டத்தையும் ஒரு கோல் வித்தியாசத்தில்தான் ஜெயித்தோம். போன வாரம் செய்தி வந்தது: அந்த ஊரில் அடுத்த வருஷம் பெண்கள் அணி கிடையாதாம். ஆள் போதவில்லை, ஐஸ் வாடகை கட்டுப்படியாகவில்லை என்கிறார்களாம். விருப்பமிருந்தால் பையன்களோடு ஆடலாம், இல்லையென்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பெற்றோர் குழுவில் உடனே ஒருவர், "அப்போ அடுத்த வருஷமும் கோப்பை நமக்குத்தான்" என்று எழுதினார். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். எனக்கு வந்த கோபத்தில் போனை சோபாவில் வீசிவிட்டேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்று ரகு கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உனக்கும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

நீ இத்தாக்காவில், கார்னெல் பல்கலைக்கழக ஊரில், இருந்த காலத்தில் எங்களை எல்லாம் என்ன பாடு படுத்தினாய்! 1970-ல் கார்னெல் ஆண்கள் ஹாக்கி அணி 29-0, அதாவது 29 வெற்றி, தோல்வியே இல்லை, ஒரு டிராகூட இல்லை, நெட் ஹார்க்னஸ் கோச், லேக் பிளாசிடில் இறுதி ஆட்டம், கிளார்க்சன் பல்கலைக்கழகத்தை 6-4 என்று அடித்தார்கள், டான் லோட்போவா கடைசிப் பகுதியில் மட்டும் மூன்று கோல். அதற்கு முந்தின வருஷம்தான் கென் டிரைடன் படிப்பு முடித்துப் போயிருந்தார், கோலி போய்விட்டாரே என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது இப்படி ஒரு சீசன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாய். சொர்ணம் டீச்சர் கேட்டிருந்தால் உனக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். ஆண்கள் முதல் டிவிஷனில் அதற்குப் பிறகு ஒருவராலும் அப்படி முடியவில்லை என்பதும் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் விஜி, 41 என்று ஒரு எண் இருக்கிறது. 2012–13, எங்கள் ஊர் மினசோட்டா பல்கலைக்கழகப் பெண்கள் அணி, 41-0. பெண்கள் கல்லூரி ஹாக்கியில் தோல்வியே இல்லாமல், டிராவும் இல்லாமல் முடிந்த முதல் சாம்பியன் சீசன். உன் 29-ஐ மடித்துப் பெட்டியில் வை.

எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் அவர்கள் ஆடும் ரிடர் அரீனா கொஞ்ச நேரம்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ஹாக்கிக்கென்றே கட்டிய முதல் அரங்கம், 2002-ல் திறந்தது. பக்கத்திலேயே ஆண்களுடைய பெரிய அரங்கம் நிற்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது தம்பிதான், மூவாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். அந்த வருஷம் அங்கே ஆடிய பெண்களைப் பார். கோலில் பின்லாந்துக்காரி நூரா ராட்டி. முன்னால் அமண்டா கெஸ்ஸல், அந்த ஒரே சீசனில் 46 கோல், 55 அசிஸ்ட் (மற்றவர் கோல் போட உதவியது), மொத்தம் 101 புள்ளி. பின்னால் மேகன் போசெக். கல்லூரிப் பெண்கள் ஹாக்கியில் வருஷத்தின் சிறந்த வீராங்கனைக்கு 'பேட்டி கஸ்மையர்' என்ற பெயரில் ஒரு விருது கொடுப்பார்கள் இல்லையா, அந்த வருஷம் இறுதிப் பட்டியலுக்கு வந்த மூன்று பேரும் இவர்கள் மூன்று பேர்தான்! விருது கெஸ்ஸலுக்குப் போனது. கோச் பிராட் ஃபிராஸ்ட்.

இவ்வளவு ஆள் பலம் இருந்தால் ஜெயிக்காமல் என்ன என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 41-0 என்று எழுதிப் பார்த்தால் ரோடு ரோலர் போன மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கடைசி மூன்று ஆட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்.

தேசியக் கோப்பைப் போட்டியின் காலிறுதியில் எதிரே நார்த் டகோட்டா பல்கலைக்கழகம். வழக்கமான அறுபது நிமிடத்தில் 2-2. அந்தப் போட்டியில் பெனால்டி கினால்டி எல்லாம் கிடையாது, இருபது இருபது நிமிடமாகக் கூடுதல் நேரம் போய்க்கொண்டே இருக்கும், யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். முதல் கூடுதல் நேரத்தில் கோல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நூறு நிமிடம் தாண்டி மூன்றாவதில்தான் மினசோட்டா 3-2 என்று முடித்தது. ரகு அப்போது இங்கே டாக்டர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியில் இருந்தான். லேபில் இருந்த ஒருத்தன் இழுத்துக்கொண்டு போய் அந்த ஆட்டத்தில் உட்கார வைத்திருக்கிறான். மீனு என் வயிற்றில். இவன் போனை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, "கலா, முடியவே மாட்டேங்குது" என்று ஏதோ சினிமாப் படத்தைக் குறை சொல்வதுபோலச் சொன்னான். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அரையிறுதி பாஸ்டன் காலேஜோடு. அதுவும் கூடுதல் நேரம், அதுவும் 3-2. இன்னொரு பின்லாந்துப் பெண் மீரா யாலோசுவோ போட்ட கோல். இறுதி ஆட்டம்தான் கொஞ்சம் மூச்சு விட்டது, பாஸ்டன் யுனிவர்சிட்டியை 6-3. அப்புறம் அடுத்த சீசனிலும் ஜெயித்துக்கொண்டே போய், அந்த 41-க்கு முந்தைய சீசனின் கடைசி வெற்றிகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 62 வெற்றி. அதை 2013 நவம்பரில், ரிடர் அரீனாவிலேயே வந்து 3-2 என்று நிறுத்தியது யார்? அதே நார்த் டகோட்டா. (அந்த சீசன் இறுதி ஆட்டத்தில் இவர்களைத் தோற்கடித்தது கிளார்க்சன். உன் ஆட்களிடம் 1970-ல் அடி வாங்கிய அதே கிளார்க்சன்! உலகம் எவ்வளவு சின்னது பார்.)

இந்த நார்த் டகோட்டாவைத்தான் சொல்ல வந்தேன். அங்கே லாமரூ இரட்டையர் என்று இரண்டு பேர், மொனீக், ஜோஸ்லின். சொந்த ஊரே அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ்தான். முதல் வருஷம் மினசோட்டாவில் ஆடிவிட்டு, பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே போகிறோம் என்று மாறிப் போனவர்கள். அந்த மூன்று கூடுதல் நேரக் காலிறுதிதான் அவர்களுக்குக் கல்லூரியில் கடைசி ஆட்டம். கொஞ்சம் யோசி, பக் ஒரு அங்குலம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் 41-0 என்பது யாருக்கும் தெரியாத 38-1 ஆகியிருக்கும். பாஸ்டன் காலேஜுக்கு அதுதான் நடந்தது. 2015–16-ல் வரிசையாக நாற்பது ஆட்டம் ஜெயித்துவிட்டு இறுதிக்கு வந்தார்கள், மினசோட்டாவிடம் 3-1 என்று தோற்றார்கள். 40-1. அந்த 40-ஐப் பற்றி இன்றைக்கு யார் பேசுகிறார்கள்?

சரி, நார்த் டகோட்டா. 2017 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், பல்கலைக்கழகம் பெண்கள் ஹாக்கி அணியை மூடுவதாக அறிவித்துவிட்டது. மாநில அரசின் பணம் குறைந்துவிட்டதாம். கூடவே நீச்சல் அணிகளையும் மூடினார்கள். ஆண்கள் ஹாக்கி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பதினோராயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம், தோல் இருக்கைகள், கிரானைட் தரை, கட்டிய செலவு பத்து கோடி டாலருக்கு மேல். அதே கூரையின் கீழ் ஆடிக்கொண்டிருந்த பெண்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. முன்னாள் வீராங்கனைகள் வழக்குப் போட்டார்கள். அணி திரும்பி வரவில்லை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2018 பிப்ரவரி, ஒலிம்பிக் இறுதி, கனடாவுக்கு எதிராக அமெரிக்கா 2-1 என்று பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோல் மொனீக்குடையது. பெனால்டி ஷூட்டவுட்டில் தங்கத்தை முடிவு செய்த கோல் ஜோஸ்லினுடையது. அமெரிக்கப் பெண்களுக்கு இருபது வருஷத்துக்குப் பிறகு தங்கம். இரண்டு பேரும் ஆடிய கல்லூரி அணி அப்போது உலகத்திலேயே இல்லை! இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சமையலில் உப்புப் போட மறந்துவிட்டது, மீனு அதைக் கண்டுபிடித்து வகுப்பெடுத்தாள்.

எதிரே ஆள் இல்லாமல் ஒருத்தி தானே தாயம் உருட்டி, தானே காய் நகர்த்தி, ஜெயித்துவிட்டேன் என்று சொன்னால் அதைக் கேட்க யார் உட்காருவார்கள்? 41-0-க்கு மதிப்பு வந்ததே அந்த 3-2-ஆல்தான். ராட்டி எவ்வளவு பெரிய கோலி என்று தெரிந்ததும் அந்த இரட்டையர் விடாமல் சுட்டதால்தான். ராட்டியின் கதையும் அப்படித்தான். 2014 ஒலிம்பிக் முடிந்ததும், பெண்களுக்குச் சம்பளம் தரும் லீக் இல்லாமல் இப்படியே எத்தனை நாள் ஆடுவது, விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். பிறகு பின்லாந்தில் ஆண்களின் இரண்டாம் நிலை லீக்கில் போய் நின்றார், ஆட்டத்தை விடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் தோல்வியே காணாத ஒரு சீசனின் கோலிக்கு அடுத்து எங்கே போவது என்றே தெரியாத காலம் அது. இப்போது பெண்களுக்கு ஒரு தொழில்முறை லீக் வந்திருக்கிறது, 2024 ஜனவரியில் தொடங்கியது, முதல் இரண்டு கோப்பையும் எங்கள் மினசோட்டாவுக்குத்தான். மீனு ஜெர்சி கேட்டு உயிரை வாங்குகிறாள். விலையைப் பார்த்துவிட்டு ரகு பேச்சை மாற்றுகிறான்.

பக்கத்து ஊர்ப் பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். மீனு முதலில் சந்தோஷப்பட்டாள், மறைக்கவில்லை. "அம்மா, அந்த நம்பர் ஒன்பது இனிமே வரமாட்டா" என்று குதித்தாள். குழந்தைதானே. இரண்டு நாள் கழித்து, அந்த ஒன்பது எந்த அணிக்குப் போவாள், நம்மிடம் வருவாளா என்று கேட்கத் தொடங்கினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை எங்கள் ஹாக்கி சங்கக் கூட்டம். இரண்டு ஊரும் சேர்ந்து இரண்டு பெண்கள் அணி நடத்தலாம், ஐஸ் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், எங்கள் பெண்கள் நான்கைந்து பேரை அந்தப் பக்கம் அனுப்பலாம் என்று சொல்லப் போகிறேன். அப்படிச் செய்தால் நாங்கள் தோற்கத் தொடங்குவோம். அதுதான் சிக்கல். கைதட்டல் பொம்மை போட்டவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அனுப்பும் பெண்களில் உன் பெண் உண்டா என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மீனுவிடம் இன்னும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, விஜி. நீ இருபது வருஷம் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், ஒரு வழி சொல்லேன். நாளைக்கு இரவுக்குள் போன் செய்தால் நல்லது.

ரோஸியிடம் அந்தப் பழைய போட்டோவைக் கேட்டு வாங்கி அனுப்பு. ரகு நம்ப மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
கலா